கண்ணாடித் தோட்டத்து மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாங்கள்தான் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனோம். அதுவும் ஒரு ஹோட்டலுக்கு. முப்பதுகளின் தொடக்கத்தில் கண்டியில், எங்களைப் போல ஒரு குடும்பத்தில் இப்படி நடந்தது என்று சொன்னால் இப்போது என் பேத்திகளே நம்புவதில்லை.

எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. கன்னியர் மடத்துப் பாடசாலையில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்ததும் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கண்டிக்கு வந்து, மாதா கோவிலுக்குப் பின்னால் வரிசையாக இருந்த வீடுகளில் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை. தோட்டத்தில் நாள் முழுக்க ஓடித் திரிந்தவருக்கு டவுன் வீட்டில் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. காலையில் பூசைக்குப் போவார். வந்து பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பார். அதன்பிறகு அம்மா சமைப்பதில் குறை கண்டுபிடிப்பார்.

சம்பந்தம் கொண்டுவந்தது கோவிலுக்குப் பூசைத் துணிகள் தைத்துக்கொடுத்த ஓர் அக்கா. அவளுக்குப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்து உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, ஊர்க் கதையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தாள்.

"என் தம்பிக்கு முப்பது வயசு ஆவுதுங்க. அப்பா அம்மா இல்ல. நான்தான் வளத்தேன். குடிக்க மாட்டான், சுருட்டுக் கூடப் பிடிக்க மாட்டான். டீச்சரைக் கோவில்ல பாத்திருக்கான்."

"என்ன வேல?" என்றார் அப்பா.

"பெரிய ஹோட்டல்லங்க. உள்ளுக்குள்ள கண்ணாடிக் கூர போட்டுத் தோட்டம் வச்சிருக்காங்கல்ல, அது முழுக்க அவன் பொறுப்புதான்."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "தோட்டக்காரன்னு சொல்லு" என்றார்.

அவள் போன பிறகு வீட்டில் அதே பேச்சுத்தான். அப்பா கோபத்தில் கத்துகிறவர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டே போவார், அதுதான் பயமாக இருக்கும். "எங்கப்பா கப்பலேறி வந்து இந்த மலையில மண்ணு வெட்டினாரு. என்னய ஒரு பேனா பிடிக்க வைக்க அவரு பட்ட பாடு எனக்குத் தெரியும். நான் இவள டீச்சராக்கினேன். மறுபடியும் மண்ணுக்கே போகவா?" என்றார். பிறகு, "ஊரே பச்சையாக் கெடக்குது. இதுல வீட்டுக்குள்ள எதுக்குத் தோட்டம்?" என்றும் கேட்டார்.

அம்மா சிறுமியாக இருந்தபோது கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுத்தவள். அதை அப்பா மறந்துவிட்டாரா, மறந்தமாதிரி இருந்தாரா தெரியாது. அன்று அடுப்படியில் அவள் என்னிடம் மெல்லக் கேட்டாள்: "ஒனக்கு அந்தப் பையனத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன். பொய். பூசைக்கு வரும்போது ஆண்கள் பக்கத்தில் கடைசி வாங்குப் பலகையில் உட்காருகிற உயரமான ஒருவரை எனக்குத் தெரியும். அவருடைய விரல் நகங்களில் எப்போதும் பச்சைக் கறை இருக்கும். நற்கருணை வாங்கப் போகையில் கையைச் சட்டைக்குள் மறைக்கப் பார்ப்பார்.

அடுத்த கிழமை அக்கா மறுபடி வந்தாள். தம்பி ஒரு செய்தி சொல்லி அனுப்பியிருந்தார். பெண் பார்க்க வர அவருக்கு விருப்பமில்லையாம். "நான் என்ன வேல செய்யிறேன்னு அவங்க முதல்ல பாக்கட்டும். பாத்துட்டு வேணாம்னா நான் அவங்க வீட்டுக் கதவத் தட்டவே மாட்டேன்" என்றாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளைக்கார விருந்தாளிகள் மோட்டார் ஏறிப் பேராதனைப் பூங்காவைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த இரண்டு மணித்தியாலம் வேலைக்காரரின் சொந்தக்காரர்கள் உள்ளே வந்து பார்க்கலாம் என்று மனேஜர் அனுமதித்திருந்தார்.

அப்பா முடியாது என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பாவுக்கு அந்த ஹோட்டலை உள்ளே போய்ப் பார்க்க நெடுநாள் ஆசை. அவருடைய தோட்டத்துத் துரை மாதம் ஒருமுறை அங்கே தங்கப் போவார். அந்த இடத்தைப் பற்றி அவர் சொன்ன பெருமைகளையெல்லாம் அப்பா முப்பது வருடமாகக் கேட்டிருந்தார். "சரி, பாத்துட்டு வேணாம்னு சொல்லிட்டு வந்துருவோம்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கறுப்புக் கோட்டும் காலில் சப்பாத்தும் போட்டுக்கொண்டார். அம்மா கலியாணச் சேலையை எடுத்து, பார்த்து, திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டு வேறொன்றைக் கட்டினாள். குளத்தைச் சுற்றி நடந்து, மலைச் சரிவில் ஏறும் பாதையில் போனோம். வானம் மூடிக்கொண்டு வந்ததால் அப்பா குடையும் எடுத்திருந்தார். அக்கா முன்னால் பேசிக்கொண்டே போனாள்.

முன்வாசலில் தொப்பி போட்ட காவல்காரன் எங்களை நிறுத்தினான். அக்கா ஏதோ சொல்லப் போனாள். அவன் கேட்கவே இல்லை. கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போகும் ஒரு சின்னப் பாதையைக் கையால் காட்டினான். குசினிக்குக் கறியும் விறகும் போகிற பாதை அது.

அப்பா அப்படியே நின்றார். அவருடைய காது மடல் சிவந்துவிட்டது. "வாங்க போவோம்" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். போவோம் என்றால் வீட்டுக்கு.

அந்த நேரத்தில்தான் அக்காவின் தம்பி அந்தப் பாதையால் எங்களை நோக்கி வந்தார். காக்கிச் சட்டை, முழங்கால் வரை மடித்த காற்சட்டை. வெறுங்கால். அன்றைக்காவது ஒரு நல்ல உடுப்புப் போட்டிருக்கக்கூடாதா என்று எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அவர் அப்பாவுக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, முன்வாசலால கூட்டிட்டுப் போக எனக்கு அதிகாரம் இல்லீங்க. பன்னெண்டு வருசமா நானே பின்னாலதான் போறேன். இத நான் முதல்லயே சொல்லி அனுப்பியிருக்கணும். என் பிழதான். நீங்க திரும்பிப் போனா நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். மழைத் துளி ஒன்று அப்பாவின் கோட்டில் விழுந்தது. அம்மா யாரையும் கேட்காமல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தச் சின்னப் பாதையில் நடக்கத் தொடங்கினாள். வேறு வழியில்லாமல் நாங்கள் எல்லோரும் அவள் பின்னால் போனோம்.

குசினியைத் தாண்டி ஒரு நீண்ட நடை. அதன் முடிவில் இரட்டைக் கதவு. அதை அவர் திறந்ததும் சூடான ஈரக்காற்று முகத்தில் பட்டது. நனைந்த மண்ணின் வாசமும் பழுத்த வாழைப்பழம் போல ஒரு பூவின் வாசமும் வந்தன. மூன்று மாடி உயரத்துக்குக் கண்ணாடிக் கூரை. அதன்மேல் மழை அப்போதுதான் பலமாகப் பெய்ய ஆரம்பித்திருந்தது. மேலே தண்ணீர் ஓடுகிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. நான் கழுத்து வலிக்கும் வரை மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டம் மூன்று கூடங்களாக இருந்தது. முதல் கூடத்தில் பெரணிச் செடிகள். சுவரே தெரியாதபடி மேலிருந்து கீழே தொங்கின. இரண்டாவது கூடத்தில் எங்கெங்கோ தேசங்களிலிருந்து கொண்டுவந்த பனை வகைகள், நடுவில் ஒரு தொட்டி, அதில் சிவப்பு மீன்கள். மூன்றாவது கூடம் ஓர்க்கிட் பூக்களுக்கு. தரைக்குக் கறுப்பு வெள்ளைக் கல் பதித்து, அங்கங்கே இரும்புக் கதிரைகளும் மேசைகளும் போட்டிருந்தார்கள். மழையிலும் அட்டைக்கடியிலும் மாட்டிக்கொள்ளாமல் துரைமார் தேத்தண்ணி குடிக்க இதையெல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். அப்பா அன்று வீட்டில் கேட்ட கேள்விக்கு அது பதில். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மா மாத்திரம் எதையும் கேட்காமல் ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் நின்று, "தம்பி, இது குடம் மாதிரித் தொங்குதே, என்னது?" என்றாள்.

"பூச்சி தின்னுற செடிங்கம்மா. சிங்கராஜக் காட்டுப் பக்கமிருந்து கொண்டாந்தது. உள்ள எட்டிப் பாருங்க."

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஐயோ பாவம், ஒரு எறும்பு" என்றாள். பிறகு, "பாவமில்ல, அதுக்கும் பசிக்கும்தானே" என்று தானே சொல்லிக்கொண்டாள். அவர் சிரித்தார். அன்று அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

அம்மாவை ஒரு கதிரையில் உட்காரச் சொல்லிவிட்டு, குசினிக்குப் போய் ஒரு தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்தார். ஹோட்டலின் பூப்போட்ட கோப்பைகள் இல்லை. வேலைக்காரர் குடிக்கிற தடித்த வெள்ளைக் கோப்பைகள். அப்பா வேண்டாம் என்றார். அம்மா வாங்கிக் குடித்தாள். வீட்டில் அம்மா உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து நான் பார்த்ததில்லை. எங்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு அடுப்பு வாசலில் நின்றபடி குடிப்பாள். அன்று அவள் கண்ணாடிக் கூரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் குடித்தாள். கோப்பை காலியான பிறகும் கையிலேயே வைத்திருந்தாள்.

நான் ஓர்க்கிட் கூடத்தில் தனியாக நின்றபோது ஒரு வெள்ளைக்கார அம்மா உள்ளே வந்தாள். மழைக்குப் பயந்து பேராதனைக்குப் போகாமல் இருந்துவிட்டாள் போல. என்னைப் பார்த்து, ஒரு மஞ்சள் பூவைக் காட்டி, இது என்ன பூ என்று இங்கிலீசில் கேட்டாள். ஒவ்வொரு சட்டியிலும் ஒரு தகரத் துண்டில் பெயர் எழுதிச் செருகியிருந்தது. நான் அதைப் படித்துச் சொன்னேன். அந்தப் பூவுக்கு 'லேடி' என்று தொடங்கும், சீமாட்டியின் செருப்பு என்று பொருள்படும் இங்கிலீசுப் பெயர். ஒரு எழுத்து மாறிப்போனதால் தகரத்தில் 'லேடி' 'லேசி' ஆகி, அது சோம்பேறியின் செருப்பு ஆகியிருந்தது. வாசித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த அம்மா குனிந்து தகரத்தைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. என் கையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனாள். ஆனால் அவர் பக்கத்துக் கூடத்துத் தொட்டியருகில் பூவாளியோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் போனதும் பக்கத்தில் வந்தார். "டீச்சர், அந்த அம்மா எதுக்குச் சிரிச்சாங்க?"

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் இந்த மனிதர் பின்வாசல் விஷயத்தில் எங்களிடம் ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஒரு எழுத்து மாறியிருக்கு" என்றேன்.

"எந்த எழுத்து?"

காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "ஆறு வருசமா இப்பிடித்தான் நிக்குது. யாரும் சொல்லல" என்றார். பிறகு, "மத்ததெல்லாம்?"

நான் இரண்டு வரிசை நடந்து பார்த்தேன். பத்தில் நாலு பிழை. சொன்னேன். அவர் வெட்கப்படுவார், அல்லது கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. சட்டிகளிலிருந்து தகரத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சட்டை விளிம்பில் மண்ணைத் துடைத்து, என் கையில் கொடுத்தார். "சரியா எழுதித் தாறீங்களா? கலியாணம் வேற பேச்சு. அது இல்லாட்டிப் போனாலும் இது சரியா இருக்கட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "வேணாம்." மழை விட்டிருந்தது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது அவருக்குத் தெரிந்தது.

என் கைப்பையில் பன்னிரண்டு தகரத் துண்டுகள் இருந்தன. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. இங்கிலீசுப் பெயர்களை நானே திருத்திவிட்டேன். அவற்றின் கீழ் இருந்த லத்தீன் பெயர்களுக்கு என்ன செய்வது? பாடசாலையில் கேட்டால் எதற்கு என்று கேட்பார்கள். கடைசியில் எங்கள் கோவில் சுவாமியிடம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். வெள்ளைக்காரப் பாதிரியார், தமிழ் நன்றாகப் பேசுவார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

"மகளே, இதில் பாதி வார்த்தைகளை நான் பூசையில் ஒருநாளும் சொன்னதில்லை" என்றார். இருந்தாலும் அலுமாரியிலிருந்து ஒரு தடித்த அகராதியை இறக்கி, ஒவ்வொன்றாகத் திருத்திக் கொடுத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. அடுத்த வாரம் இன்னொரு தாளோடு போனபோது, "உன் லத்தீன் படிப்பு எப்படிப் போகிறது?" என்று மாத்திரம் கேட்டார்.

அக்காதான் தபால்காரி. அம்மாவோடு கதைக்கிற சாக்கில் சனிக்கிழமை வருவாள். தையல் கூடையில் துணிக்கு அடியில் தகரத் துண்டுகள் இருக்கும். நான் எழுதி முடித்தவற்றை எடுத்துக்கொண்டு புதிதாகப் பன்னிரண்டைக் கொடுத்துவிட்டுப் போவாள். அப்பா முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அம்மாவுக்குத் தெரியும். தெரியாதமாதிரி அக்காவுக்குத் தேத்தண்ணி ஊற்றுவாள். இப்படியே இரண்டு மாதம் போனது. ஓர்க்கிட் கூடம் முடிந்து பனைக் கூடத்துக்கு வந்திருந்தோம்.

ஒரு சனிக்கிழமை வந்த தகரக் கட்டுக்குள் ஒரு துண்டின் பின்பக்கத்தில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது. தமிழில் அவருடைய கையெழுத்து அழகாக, சாய்வே இல்லாமல் இருந்தது. "உங்களுக்கு விருப்பமா?" அவ்வளவுதான்.

அந்தத் துண்டைப் பாயின் அடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை யோசித்தேன். விருப்பம் இல்லாமல் இல்லை. ஆனால் அப்பாவை மீறி ஒரு காரியம் செய்து எனக்குப் பழக்கமில்லை. கீழே எழுதினேன்: "அப்பாவிடம் கேளுங்கள்."

மறு கிழமை பதில் வந்தது. "கேட்க மாட்டேன். அவராகச் சொல்லட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இது என்ன பிடிவாதம்? அப்பா வேண்டாம் என்று சொல்லி ஆயிற்று. யாரும் கேட்காமல் அவராக எப்படிச் சொல்வார்? இரண்டு ஆண்களுக்கு நடுவில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டுமா? அந்தக் கிழமை அக்கா வரவில்லை, காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். எழுதி முடித்த தகரத் துண்டுகள் கையில் இருந்தன. நேரே கொண்டுபோய்க் கொடுத்து, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா வழக்கம்போல வெளியே போனார். பூசைக்குப் பிறகு சாப்பிட்டுவிட்டுக் குளத்தைச் சுற்றி நடப்பது கொஞ்ச நாளாக அவருக்கு வழக்கமாகியிருந்தது. நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம். நான் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மலைப்பாதையில் ஏறினேன். பின்பக்கப் பாதையில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. இரட்டைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

பனைக் கூடத்தில் ஒரு சின்ன ஏணி நின்றது. அதன் அடியில், கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, ஈரத் துணியால் ஒரு பெரிய இலையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என் அப்பா.

மேலே ஏணியில் அவர் நின்றார். "ஐயா, நரம்புக்கு எதிரா இழுக்காதீங்க. காம்புலேருந்து நுனிக்கு" என்றார்.

"தெரியும் தம்பி, தெரியும்" என்றார் அப்பா. அந்தக் குரலை நான் கேட்டு வருடக்கணக்காகியிருந்தது. ஆபீசில் நல்ல நாளில் வேலை செய்யும்போது இருக்கிற குரல்.

நான் நின்றதை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். துணி அப்பாவின் கையிலிருந்து தொட்டியில் விழுந்தது. மீன்கள் துணியைச் சுற்றி வந்தன.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். அது அப்பாமேல் இல்லை. ஏணியில் நின்றவரைப் பார்த்து, "அப்பா இங்க வாறாருன்னு எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்ல வேணாம்னு ஐயா சொன்னாரு" என்றார் அவர், அங்கிருந்தே.

அப்பா என் பையைப் பார்த்தார். "நீ எதுக்கு வந்தே?" என்றார். நான் தகரத் துண்டுகளை எடுத்துக் காட்டினேன். அவர் ஒன்றை வாங்கி, தூரத்தில் பிடித்துப் படித்தார். "அப்ப இது ஒன்னோட எழுத்துதான். எனக்கு மொத நாளே சந்தேகம். இவன்கிட்ட கேட்டா வாயத் தெறக்கல" என்றார்.

பிறகு அப்பா கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். குடையை எடுக்க வந்தாராம், எங்கள் வருகைக்கு அடுத்த ஞாயிறு. குடையைக் கொடுத்த அவர், "ஐயா ஒரு நிமிசம் இந்த ஏணியப் புடிச்சுக்கிறீங்களா?" என்று கேட்டாராம். பிடித்தாராம். ஒரு நிமிடம் இரண்டு மணித்தியாலம் ஆனது. அடுத்த கிழமை, அன்று மொட்டாக இருந்த ஒரு பூ விரிந்துவிட்டதா என்று பார்க்க வந்தாராம். பிறகு காரணம் தேவைப்படவில்லை.

"பத்து ஞாயிறுக்கு மேல வந்திருக்கேன். ஒரு தடவ கூட இவன் ஒன்னப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த பேசல" என்றார் அப்பா. "நான் வந்து நிக்கிறத வச்சு ஏதாவது கேப்பான்னு பாத்தேன். கேட்டிருந்தா அன்னைக்கே வர்றத நிறுத்தியிருப்பேன்." பிறகு ஏணியைப் பார்த்துச் சொன்னார்: "இறங்கி வாங்க தம்பி. ஒங்க அக்காவுக்குக் காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

அவர் இறங்கி வந்தார். கடைசிப் படியைத் தவறவிட்டு விழப்போனார். அப்பாதான் பிடித்தார்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போனோம். வாசலில் அம்மா எங்களைப் பார்த்தாள். அப்பாவின் சட்டைக் கை நனைந்திருந்தது, என் முகம் எப்படி இருந்ததோ. "வாங்க தம்பி, இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

கோவிலில் கலியாணம் வைக்காத தவக்காலம் முடிந்ததும் எங்கள் கலியாணம் நடந்தது. பூசை வைத்த சுவாமி பிரசங்கத்தில் லத்தீனைப் பற்றி ஏதோ சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். மாப்பிள்ளை அன்று முதல் தடவையாகச் சப்பாத்துப் போட்டார். கோவிலில் இருந்து வெளியே வரும்போது, "டீச்சர், இது கடிக்குது" என்று என் காதில் சொன்னார். கடைசி வரை என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்.

மூன்று வருடம் நாங்கள் கண்டியில் இருந்தோம். பிறகு அந்த ஹோட்டல் கைமாறியது. வந்த புதுத் துரைக்குத் தோட்டம் வேண்டாம், அந்த இடத்தில் பலகைத் தரை போட்டு டான்ஸ் ஆட இடம் செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் அகற்றச் சொன்னார்கள். அந்த மாதம் அவர் சோறு போட்டால் சாப்பிட்டார், போடாவிட்டால் கேட்கவில்லை. அப்பா தினமும் போய் அவரோடு நின்றார். அக்குறணையிலிருந்து தேங்காய் மட்டை கொண்டுவரும் வண்டிக்காரரைப் பிடித்து, பனைகளைப் பேராதனைக்கு ஏற்றி அனுப்பினார்கள். கொஞ்சம் கோவிலுக்கும் மடத்துக்கும் போனது. எடுத்துக்கொள்ள ஆளில்லாத பெரணிகளை ஈரச் சாக்கில் சுற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். நடக்க இடமில்லை. அம்மா குளிக்கிற இடத்தில்கூடச் செடிகளைத் தள்ளிவிட்டுத்தான் தண்ணீர் எடுக்க வேண்டியிருந்தது.

கடைசி நாள் நானும் போனேன். கண்ணாடிக் கூரையை ஆட்கள் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வெறும் கல் தரையில் அவர் நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "பசிக்குதா?" என்று கேட்டேன். "ம்" என்றார். குசினிப் பாதையால் வெளியே வந்து, சந்தியில் இருந்த கடையில் இடியப்பம் வாங்கிச் சாப்பிட்டோம். மனைவியும் புருஷனும் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நாலாவது இடியப்பத்தைச் சாப்பிடும்போது, "கம்பளையில ஆத்தோரமா ஒரு துண்டு நிலம் இருக்காம். நாத்து மேடை போடலாம்" என்றார்.

"போடுங்க" என்றேன்.

அப்பாவும் அம்மாவும்கூட எங்களோடு கம்பளைக்கு வந்தார்கள். எனக்கு அங்கே ஒரு பாடசாலையில் இடம் கிடைத்தது. தோட்டத்துத் துரைமாருக்குப் பூச்செடியும், டவுன்காரருக்குப் பழக்கன்றும் விற்றோம். முதல் வருடம் கஷ்டப்பட்டோம், ஆனாலும் நடந்தது.

இரண்டாம் வருடம் மழைக்காலத்தில் மகாவலி பெருகி நாற்று மேடைக்குள் வந்துவிட்டது. அதே நாள் காலையில் எனக்கு வலி எடுத்தது. மருத்துவச்சியைத் தண்ணீருக்குள்ளால் தோளில் தூக்கிவந்தது அவர்தான். மத்தியானம் பெண் பிள்ளை பிறந்தது. அவர் இடுப்பு வரை சேறோடு வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டார். பாதி நாற்று போய்விட்டது என்று எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அம்மா அவருக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். மூன்று தடவை சவுக்காரம் போட்டுத் தேய்த்தார். பிறகு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டார். அது காலை உள்ளே இழுத்துக்கொண்டது.

"பலமா இழுக்குது டீச்சர்" என்றார். மறுபடி தொட்டார். மறுபடியும் இழுத்தது. அப்படியே சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனார். வெளியே அப்பாவும் அக்கம்பக்கத்தாரும் தண்ணீரில் மிதந்த சட்டிகளைப் பிடித்துக் கரையில் அடுக்கிக்கொண்டிருந்த சத்தம் பின்னேரம் வரை கேட்டுக்கொண்டிருந்தது.